கீல்வாதமும் நம் ஆகாரமும்

கதவுக்குக் கீல் உண்டு. உடம்புக்கும் கீல் உண்டு. கதவின் கீல் கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதன் வாயை அடைத்துவிடலாம். உடம்பின் கீல் முனகத் தொடங்கினால் அவ்வளவில் முடிவதில்லை. மாடிப்படி ஏறும்போது ஒரு வலி, காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத ஒரு விறைப்பு, பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கும்போது ஒரு தயக்கம் என்று அது தன் வரவை அறிவிக்கிறது. அறிவித்த மறுநாளே வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. எதைச் சாப்பிட்டதால் வந்தது? எதை விட்டால் போகும்? மருத்துவத் தொழிலில் இருக்கும் நம்மிடம் வேறெந்தக் கேள்வியையும்விட அதிகமாக வருவது இதுதான்.

தமிழ்நாட்டை விட்டு வந்து குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலான சங்கடத்தைத் தருகிறது. ஊரில் இருந்தால் ஒரு பாட்டி மட்டும் பத்தியம் சொல்வாள். இங்கே இரண்டு தேசத்துப் பாட்டிகள் சொல்கிறார்கள். நம் பாட்டி, புளி ஆகாது, வாழைக்காய் வாயு, உருளைக்கிழங்கு வாயு, கடலைப்பருப்பு வாயு என்பாள். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரோ, அரிசி 'பாதீ', உளுந்து 'பாதீ', சேப்பங்கிழங்கு 'பாதீ', இரவில் தயிரைத் தொடவே கூடாது என்பார். 'பாதீ' என்பதும் 'வாயு' என்பதும் ஒன்றுதான், பட்டியல்தான் வேறு. இவ்விரண்டோடு, கைப்பேசியில் வந்து விழும் மூன்றாவது பட்டியல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது தக்காளியையும் கத்திரிக்காயையும் பாலையும் கோதுமையையும் விலக்கச் சொல்கிறது. மூன்றையும் ஒருங்கே அனுசரிப்பவர் இலையில் மிஞ்சுவது கஞ்சியும் பீர்க்கங்காயும் உப்புமே. இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அப்படியே உண்டு வந்த ஒருவரை நாம் அறிவோம். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

சித்த வைத்தியர்கள் வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்தார்கள். மேனாட்டு மருத்துவம் மூட்டு நோய்களை நூற்றுக்கு மேலாக எண்ணுகிறது. எண்ணிக்கையில் வேற்றுமை இருந்தாலும், 'மூட்டுவலி' என்பது ஒரு நோயின் பெயரன்று என்பதில் இரு சாராரும் ஒத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அடிக்கடி காண்பவை மூன்று. முதலாவது, வயதும் பாரமும் சேர்ந்து முழங்கால் முதலிய மூட்டுகளின் குருத்தெலும்பைக் கரைக்கும் தேய்மான வாதம். இரண்டாவது, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் முடக்குவாதம். இது இளம் வயதிலும் வரும், பெண்களையே அதிகம் பற்றும். மூன்றாவது, இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற உப்புப் படிகங்களாக மூட்டில் தங்கிவிடும் கௌட் என்னும் நோய்.

இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் வரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கொழுப்பு முடக்குவாதக்காரருக்குச் சிறிது இதம் தரும். அதே மத்தியிலுள்ள பியூரின் என்னும் பொருள் கௌட் நோயாளியின் கால் கட்டைவிரலில் நெருப்பை மூட்டக்கூடும். உபவாசமும் அப்படித்தான். முடக்குவாதத்தில் சில நாள் பட்டினி வீக்கத்தைத் தற்காலிகமாகத் தணிக்கிறது. கௌட் உள்ளவர் பட்டினி கிடந்தாலோ, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைந்து, ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையைக் கட்டிலில் படுத்தபடி செய்ய நேரிடும். ஆகையால் "மூட்டுவலிக்கு மீன் நல்லதா?" என்று எவரேனும் கேட்டால், "எந்த மூட்டுவலிக்கு?" என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கௌட் நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆகாரத்துக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிவது அதில்தான். தவிர, அதைப் பற்றிச் சொல்ல நமக்குச் சொந்த அனுபவமும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் ஒரு நண்பர் இல்லத் திருமணத்துக்குப் போயிருந்தோம். வங்காளிகளின் விருந்தோம்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளும் இலிசு மீன், அதன் சினை, ஆட்டு ஈரல், இறைச்சிக் குழம்பு, அதன்மேல் சந்தேஷ் என்று உபசரித்தார்கள். மறுக்கத் தெரியாமல் உண்டோம் என்று சொன்னால் பொய்யாகும். மறுக்க விரும்பாமல் உண்டோம். திரும்பும் ரயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. தில்லி வந்து சேர்ந்த அன்றிரவு இரண்டு மணிக்கு, வலது கால் கட்டைவிரலைத் தேள் கொட்டியதுபோல் விழித்தெழுந்தோம். விளக்கைப் போட்டுத் தேளைத் தேடினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். போர்வை உரசினால்கூடப் பொறுக்க முடியவில்லை. எத்தனையோ பேருக்கு நாம் விளக்கிச் சொன்ன நோய், நம் காலிலேயே வந்து குடியேறியிருந்தது. வலி அடங்கியபின் இரத்தத்தைச் சோதித்ததில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராம் இருந்தது.

அந்த எண்ணின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கௌட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் இருப்பதை 1848-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவரான ஆல்பிரட் பேரிங் காரட் நிரூபித்தார். பின்னர் அவர் கண்ட சோதனை எளிமையானது. இரத்தத்தின் தெளிநீரில் சிறிது அமிலம் கலந்து, ஒரு நூலை அதில் இட்டு வைப்பார். அந்நோய் உள்ளவரின் இரத்தமானால் நூலைச் சுற்றிப் படிகங்கள் பூத்து நிற்கும். சர்க்கரைப் பாகில் கற்கண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாகு அளவுக்கு மிஞ்சிச் செறிந்தால் நூலில் கற்கண்டு பிடிக்கிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டில் படிகம் கட்டத் தொடங்குகிறது. அதை 6-க்குக் கீழே வைத்திருந்தால் கட்டிய படிகமும் மெல்ல மெல்லக் கரையும்.

'அமிலம்' என்ற பெயரால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. அமிலம் என்றால் புளிப்பு. ஆகவே புளி, எலுமிச்சை, தயிர், மோர் எல்லாம் ஆகாது என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். புளியின் புளிப்பு மூட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. இரத்தத்தின் அமிலச் சமநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் கட்டிக் காக்கின்றன; ஒரு கரண்டி ரசம் அதைக் குலைத்துவிடாது. யூரிக் அமிலமோ நம் உடம்பின் உயிரணுக்கள் சிதையும்போதும், பியூரின் நிறைந்த உணவு செரிக்கும்போதும் உண்டாவது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் உடம்பே தயாரிப்பது. மூன்றில் ஒரு பங்குதான் உணவிலிருந்து வருவது. தயிரும் மோரும் விலக்க வேண்டியவை அல்ல. கொழுப்பு நீக்கிய பாலும் மோரும் கௌட் வராமல் காக்கும் பக்கத்தில் நிற்பவை. பஞ்சாபி அம்மையாரின் லஸ்ஸியில்கூடச் சர்க்கரையைத்தான் குறை சொல்லலாம். தயிரைச் சொல்லக் கூடாது.

பருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கௌட் என்று பெயர் சொன்னதும் பலர் துவரம் பருப்பை நிறுத்திவிடுகிறார்கள். சாம்பார் இல்லாத தமிழன் என்ன ஆவான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சைவ உணவுக்காரருக்குப் புரதம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் மருத்துவத் தொழிலைச் சார்ந்த 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கௌட் அதிகமாக வந்தது. பால் பொருள்கள் அதிகம் உண்டவர்களுக்குக் குறைவாக வந்தது. பட்டாணி, அவரையினம், காளான், கீரை முதலிய பியூரின் மிகுந்த தாவர உணவுகளால் ஆபத்து கூடவில்லை. இதைப் படிப்பதற்கு முன் நாமும் மூன்று மாதம் பருப்பைத் துறந்திருந்தோம். பயன் ஒன்றும் காணவில்லை. வீட்டில் சமையல் செய்பவருக்குக் கோபம் வந்ததுதான் கண்ட பலன். இப்போது சாம்பாரும் உண்டு, பக்கத்து வீட்டு ராஜ்மாவும் உண்டு.

விலக்க வேண்டியவை எவை என்றால், ஈரல், குண்டிக்காய் போன்ற உறுப்பிறைச்சி, மத்தி, நெத்திலி, இறைச்சியை நெடுநேரம் கொதிக்க வைத்து இறக்கிய சாறு ஆகியவை. முழங்கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப் என்று நம் ஊரிலும், பாயா என்று தில்லியிலும் ஊட்டுவார்கள். பியூரின் நீரில் கரைவது. ஆகவே அது சாற்றில் இறங்கிவிடும். தேய்மான வாதக்காரர் அதைக் குடித்தால் பெரிய தீங்கில்லை. கௌட் உள்ளவர் குடித்தால் வலிக்கு விருந்து வைத்ததாகும். மது வகைகள் யாவும் கெடுதல். அவற்றுள் பீர் மிகக் கெட்டது. இன்னொரு பகைவன் பலருக்குத் தெரியாதது. சர்க்கரையில் பாதியாக இருக்கும் பிரக்டோஸ், கல்லீரலில் எரியும்போது யூரிக் அமிலத்தைப் பிறப்பிக்கிறது. புட்டியில் வரும் இனிப்புப் பானங்கள், பெட்டியில் வரும் பழரசம், கோடையில் கலக்கிக் குடிக்கும் ரோஜா நிற ஷர்பத் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். "நாங்கள் சர்க்கரையை விட்டுவிட்டோம், வெல்லம்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். காப்பியை மட்டும் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. காப்பி குடிப்பவர்களுக்கு யூரிக் அமிலம் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. இதைச் சொல்வதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இத்தனையும் கடைப்பிடித்தால் எவ்வளவு குறையும்? பத்தியத்தால் மட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் குறையலாம். 8.4-லிருந்து ஒன்றைக் கழித்தால் 7.4. படிகம் கட்டும் எல்லையோ 6.8. கணக்கு நேராகவில்லை. ஆகையால் 1966 முதல் வழக்கில் இருந்து வரும் அல்லோப்யூரினால் என்னும் மாத்திரையை நாமும் நாள்தோறும் விழுங்குகிறோம். பத்தியம் அதற்குத் துணை.

தேய்மான வாதத்துக்கு வருவோம். இங்கே இன்ன பண்டம் ஆகும், இன்ன பண்டம் ஆகாது என்ற பேச்சே பெரும்பாலும் வீண். உண்ணும் அளவே முக்கியம். முழங்கால் ஒரு நெம்புகோல். உடம்பில் ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ஆம் ஆண்டில் அளந்து கண்டார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் ஐயாயிரம் அடி நடப்பவர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்னும் ஊரில் நடந்த நெடுங்கால ஆராய்ச்சியில், பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து கிலோ குறைந்த பெண்களுக்கு முழங்கால் வாதம் வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது என்று 1992-ல் தெரியவந்தது.

வெளி மாநிலத் தமிழர்களுக்கு எடை ஏறுவதற்கு ஒரு தனிக் காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வடக்கே வந்தவர்கள் சப்பாத்தி சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். ஆனால் சோற்றை விடவில்லை. முதலில் நான்கு சப்பாத்தி, சப்ஜி. அதன்பின் 'கொஞ்சம்' ரசஞ்சாதம். அதன்பின் வயிறு குளிர ஒரு பிடி தயிர்சாதம். இரண்டு தேசத்துச் சாப்பாடு ஒரே தட்டில் முடிகிறது. தேசிய ஒருமைப்பாட்டை முழங்கால் இவ்வாறு சுமக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றை உண்டு, மிகுந்த இடத்தைக் காயாலும் பருப்பாலும் நிரப்பினால் போதும். வயதானவர்கள் எடையைக் குறைக்கிறேன் என்று வெறுங்கஞ்சிக்கு இறங்கிவிடக் கூடாது. அதனால் தொடைத் தசை கரையும். தொடைத் தசைதான் முழங்காலைத் தாங்கும் தூண். அமெரிக்காவில் 454 பேரைப் பதினெட்டு மாதம் சோதித்த ஆராய்ச்சியிலும், உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கே வலி மிகுதியாகக் குறைந்தது.

இடையில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வேலை நிமித்தம் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆழ்கிணற்று நீரில் புளோரைடு மிகுந்தால், பல ஆண்டுகளில் எலும்பு இறுகி, முதுகும் மூட்டும் விறைத்துவிடும். பார்ப்பதற்கு வாதநோய் போலவே இருக்கும். இந்நோயை இந்தியாவில் முதன்முதலில் கண்டு எழுதியது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது. ஒரே கிணற்று நீரைப் பருகும் பலருக்கு ஒரே விதமாக முதுகு விறைத்தால், வீட்டுப் பாட்டியின் பட்டியலை வைத்துவிட்டு நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு நீரைத் தெளிவிக்கும் நல்கொண்டா முறை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தது.

ஆகாரத்தின்மேல் பழி போடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. கர்நாடகத்தில் ஷிமோகா ஜில்லா சாகர் தாலுக்காவிலுள்ள ஹந்திகோடு என்னும் கிராமத்தில், 1970-களின் நடுவில் பல ஏழைக் குடும்பங்களில் இடுப்பு மூட்டும் முழங்காலும் சிதைந்து மக்கள் முடமானார்கள். பூச்சி மருந்து தெளித்த வயலின் நண்டுகளைத் தின்றதால் வந்தது என்று முதலில் சந்தேகித்தார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. பின்னர் ஆராய்ந்தவர்கள், அது பரம்பரை வழியாக இறங்கும் எலும்பு வளர்ச்சிக் கோளாறு என்று கண்டார்கள். சோற்றுக்கு அடுத்தபடி அந்த மக்களுக்கு எளிதில் கிடைத்த உணவு நண்டு. அதன்மேல் பழி விழுந்ததில் வியப்பில்லை.

இனி முடக்குவாதம். முன்னே ஒருவரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். அவர் நம் தமக்கையார்.

ஜாம்ஷெட்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் அவருடைய இரு கை விரல்களும் காலையில் வீங்கி விறைக்கத் தொடங்கின. மருத்துவர் முடக்குவாதம் என்று கண்டு, மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரையையும் துணைக்குப் போலிக் அமில மாத்திரையையும் கொடுத்தார். மெதோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே விழுங்க வேண்டும். தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தமக்கையார் ஞாயிறுதோறும் தவறாமல் விழுங்கினார். ஓராண்டில் வீக்கம் வடிந்து, மறுபடியும் கோலம் போட்டார்.

அந்தச் சமயத்தில், உணவாலேயே குணப்படுத்துவதாகச் சொல்லும் ஒருவரிடம் அக்கம்பக்கத்தார் அவரை அழைத்துப் போனார்கள். அவர் நீண்டதொரு பட்டியலைக் கொடுத்தார். நம் பாட்டியின் பட்டியல், பஞ்சாபி அம்மையாரின் பட்டியல், கைப்பேசிப் பட்டியல் மூன்றும் அதில் அடக்கம். மாத்திரை உடம்புக்குச் சூடு, அதையும் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். தமக்கையார் நமக்குத் தொலைபேசியில் பேசினார். "சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாமென்று இருக்கிறேன், தம்பி" என்றார். நோயாளிகள் வாசலில் வரிசையாகக் காத்திருந்த நேரம் அது. "மனத்துக்குச் சரியென்று பட்டால் செய்து பாருங்கள், அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டோம். மாத்திரையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

முதல் ஐந்து வாரம் அவருக்கு நன்றாகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. விழுங்கிய மருந்தின் பயன் சில வாரங்கள் நீடிக்கும். அதோடு, குறைந்த உணவே வீக்கத்தைச் சிறிது காலம் தணிக்கும். நார்வே நாட்டில் 53 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு பரீட்சையை 1991-ல் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. அவர்களில் 27 பேர் ஏழு முதல் பத்து நாள் உபவாசம் இருந்து, பின்பு பாலும் கோதுமையும் இல்லாத மரக்கறி உணவில் சில மாதம் இருந்து, அதன்பின் பாலைச் சேர்த்துக்கொண்டார்கள். வலியும் விறைப்பும் குறைந்தன. ஓராண்டு சென்றும் அந்தப் பயன் காணப்பட்டது. ஆகவே ஆகாரத்தால் பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். நோய் எலும்பை அரிப்பதைப் பத்தியம் தடுத்து நிறுத்தும் என்று எந்த ஆராய்ச்சியும் காட்டியதில்லை.

எட்டு மாதம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்கள். தமக்கையாரும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார், மடியில் மல்லிகைக் குவியலும் இருந்தது, தொடுக்கவில்லை. கேட்டதற்கு, "பார்த்துக்கொண்டிருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். கையைப் பிடித்துப் பார்த்தோம். இடக்கை விரல்கள் ஒருபுறமாகச் சாய்ந்திருந்தன. பதினொரு கிலோ எடை போயிருந்தது. இரத்தச் சோகை கண்ணில் வெளுத்துத் தெரிந்தது. கஞ்சியும் பீர்க்கங்காயும் உண்டு வந்தவர் அவர்தான். மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றோம். "நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

மருந்தை மறுபடியும் தொடங்கி, ஆகாரத்தையும் திருத்தினோம். திருத்தினோம் என்றால், விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். இதை எப்படிச் செய்வது என்பதைச் சொல்வது பயன்படும். தக்காளி ஆகவில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால், தக்காளி ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று தினமும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். பிறகு தக்காளியைச் சேர்த்து மறுபடியும் குறித்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் பத்துப் பண்டங்களை நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியவே தெரியாது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்திரிக்காய் ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தவை என்பதாலேயே அவற்றை விலக்கச் சொல்வதற்கு உறுதியான சான்று கிடையாது. நம் தமக்கையாருக்கு எட்டுப் பண்டங்களைச் சோதித்ததில் ஒன்றுகூடக் குற்றவாளியாகவில்லை.

மீனெண்ணெயில் உள்ள ஒமேகா மூன்று என்னும் கொழுப்பு, நாளைக்கு ஏறத்தாழ மூன்று கிராம் வீதம் சில மாதம் உட்கொண்டால், காலை விறைப்பும் வலிமாத்திரையின் தேவையும் ஓரளவு குறைகின்றன. வாரத்துக்கு இரண்டுமுறை மத்தியோ கானாங்கெளுத்தியோ உண்பதால் அந்த அளவு கிடைக்காது, ஆயினும் நல்லதே. மரக்கறி உண்போர்க்கு ஆளிவிதை உண்டு. மகாராஷ்டிரத்தில் ஜவஸ் சட்னி என்றும் வடக்கே அல்சி லட்டு என்றும் செய்வார்கள். அதிலுள்ள கொழுப்பில் சிறு பங்கையே உடம்பு மீனெண்ணெய்க்கு நிகராக மாற்றிக்கொள்கிறது. மஞ்சளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சமையலில் இடும் மஞ்சள் நல்ல உணவு. ஆராய்ச்சிகளில் பயன்படுத்தியதோ பலமடங்கு செறிவான சாரம். அந்தச் செறிவை மாத்திரையாக விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. முடக்கறுத்தான் கீரையை ஊரிலிருந்து உலர்த்திக் கொண்டுவந்து தோசைக்கு அரைப்பவர்களை நாம் தடுப்பதில்லை. தோசை நன்றாக இருக்கிறது. மாத்திரையின் இடத்தில் மட்டும் அதை வைக்கக் கூடாது.

முடக்குவாதம் எலும்பையும் நலிவிக்கும். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை சேர்ந்தால் இன்னும் நலியும். ஆகவே சுண்ணாம்புச் சத்து வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. வடக்கே கேழ்வரகு கிடைப்பதில்லை என்று நம்மவர்கள் குறைப்படுவது பெயர் தெரியாமையால்தான். ஜார்க்கண்டிலும் பீகாரிலும் மடுவா என்று கேட்க வேண்டும், மும்பையில் நாச்னி, உத்தராகண்டிலும் தில்லியிலும் மண்டுவா. முருங்கைக்கீரையும் அப்படியே, ஜாம்ஷெட்பூர்ச் சந்தையில் அதை முங்கா சாக் என்று கட்டுக் கட்டாக விற்கிறார்கள். தமக்கையார் இத்தனை ஆண்டும் அந்தக் கடைகளைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறார்.

இப்போது அவர் மடுவா மாவில் முங்கா சாக் போட்டு அடை தட்டுகிறார். வலக்கையால் தட்டி, சாய்ந்த இடக்கையால் ஓரத்தைத் திருத்துகிறார். வீக்கம் இல்லை, எடையில் ஏழு கிலோ திரும்பிவிட்டது. இடக்கை விரல்கள் சாய்ந்தது சாய்ந்ததுதான். அரித்துப்போன எலும்பு திரும்பி வருவதில்லை. ஞாயிறுதோறும் இரவு ஒன்பது மணிக்கு நம் வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்தால், "போட்டுக்கொண்டுவிட்டேன், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.